"யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது": அம்மாவின் மருத்துவ உயிலுக்கு மூன்று வழிகள்

பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "எனக்கு இப்படி ஏதாவது வந்தா அந்தக் குழாயைப் போட விடாதே. ஒரு பேப்பர்ல எழுதிக் குடு, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது."

பெரியம்மா ஐசியுவில் 23 நாள் இருந்தார். பக்கவாதம், அப்புறம் நிமோனியா, அப்புறம் வென்டிலேட்டர். மூக்கு வழியாக உணவு செலுத்த ரைல்ஸ் ட்யூப். அதைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். பார்க்க விடும் நேரத்தில் அம்மா உள்ளே போய் அந்தக் கட்டைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒவ்வொரு கட்டத்திலும் டாக்டர் வெளியே வந்து, "அடுத்து என்ன செய்யலாம், நீங்க சொல்லுங்க" என்பார். பெரியம்மாவின் மகன்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "முடிஞ்சதெல்லாம் செய்யுங்க டாக்டர்" என்று மூத்தவர் சொல்வார். பெரியம்மாவைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று அந்த வராந்தாவில் யாருக்கும் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ள 76 வருஷம் இருந்தது. கேட்கவில்லை.

அம்மாவுக்கு 71. சர்க்கரை உண்டு, மற்றபடி தெளிவாக இருக்கிறாள். எழுதிக் கையெழுத்து வாங்குவது ஒரு மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். எம்.ஏ. தத்துவம் படித்துவிட்டு வங்கி வேலைக்குப் போனவள் நான். படித்தது ஒன்றுக்கும் உதவவில்லை என்று வீட்டில் இருபது வருஷமாகச் சொல்கிறார்கள். இந்த விஷயத்தில் உதவியது. அதாவது, ஒரு மணி நேர வேலையை நான்கு மாதத்துக்கு இழுத்தது.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எழுதிவைப்பது முதல் வழி. அதிகம் எழுதாமல், "எனக்காக இவர் பேசுவார்" என்று ஓர் ஆளைக் காட்டுவது இரண்டாவது. எதையும் எழுதாமல் குடும்பத்திடம் விட்டுவிடுவது மூன்றாவது. நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது மூன்றாவதுதான், யாரும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை என்றாலும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. லிவிங் வில் என்று எல்லோரும் சொல்லும் முன்கூட்டிய மருத்துவ உயில் அன்றிலிருந்து செல்லும். ஆனால் அதில் ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் மேலொப்பம் இடவேண்டும், கலெக்டர் குழு அமைக்கவேண்டும் என்றெல்லாம் இருந்ததால் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அதே நீதிமன்றம் அதை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் போதும். நேரம் வரும்போது மருத்துவமனையிலேயே அமையும் இரண்டு மருத்துவர் குழுக்கள், ஒவ்வொன்றும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள், சிகிச்சையை நிறுத்தலாமா என்று கருத்துச் சொல்லவேண்டும். எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். நமக்காகச் சம்மதம் சொல்ல நெருங்கிய உறவினர் அல்லது காப்பாளரின் பெயரும் உயிலில் இருந்தாகவேண்டும். ஒருவருக்கு மேலும் இருக்கலாம். ஆக, முதல் வழியும் இரண்டாவது வழியும் நம் சட்டத்தில் ஒரே தாளில்தான் வருகின்றன. எதற்கு எவ்வளவு இடம் என்பதுதான் கேள்வி.

முதல் வழியை எடுத்துக்கொள்வோம். இதன் கவர்ச்சி வெளிப்படையானது: என் உடம்பு, என் முடிவு, என் கையெழுத்து. தன்னாட்சி என்ற சொல்லை அறவியலில் முக்கியமாக்கியவர் ஜெர்மன் தத்துவவாதி காண்ட். ஆனால் அவர் சொன்னது அறிவு தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் சட்டம். அதை இங்கே இழுத்தால் அம்மா நோட்டரியிடம் போய்ச் சேரமாட்டாள். இந்தத் தாளுக்குப் பொருந்துவது பின்னால் வந்த பேச்சு. 1971இல் ஹாரி ஃபிராங்ஃபர்ட் என்ற அமெரிக்கத் தத்துவவாதி ஒரு கட்டுரையில் சொன்னது எளிமையானது: விலங்குக்கும் ஆசை உண்டு, தன் ஆசையைப் பற்றியே ஓர் ஆசை வைத்துக்கொள்வது மனிதன்தான். சிகரெட் வேண்டும் என்று தோன்றுகிறது, அப்படித் தோன்றக் கூடாது என்றும் தோன்றுகிறதே, அந்த இரண்டாவது. எந்த ஆசையோடு நின்று "ஆமாம், இது நான்தான்" என்கிறோமோ அதுதான் நம்முடையது. ஜெரால்ட் டுவார்கின் 1988இல் இதற்கு ஒரு கொக்கி போட்டார்: அந்த "ஆமாம்" எங்கிருந்து வந்தது? பிறர் ஊட்டி ஊட்டி வந்த "ஆமாம்" என்றால் அது எப்படி நம்முடையது?

அம்மாவின் வாக்கியத்தில் அந்தக் கொக்கி மாட்டியது. குழாய் வேண்டாம் என்பது ஒன்று. பாரமாக இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். எனக்கு முதலாவது புரிந்தது, கட்டிய கைகளை நானும் பார்த்தேன். இரண்டாவதில்தான் சந்தேகம். தெற்கு மாவட்டங்களில் வயதான பெண்களிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள், பத்து நிமிஷத்துக்குள் இந்த வாக்கியம் வந்துவிடும். "கை கால் நல்லா இருக்கும்போதே போய்ச் சேந்துடணும்." கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவள், காய்ச்சலை மறைத்து அடுப்படியில் நிற்கிறவள் சொல்வது. வாழ்நாள் முழுக்கத் தன்னைச் சுருக்கிக்கொண்ட ஒருத்தி, சாவிலும் இடத்தை அடைக்கக் கூடாது என்று நினைத்தால், அதை விருப்பம் என்று எழுதி முத்திரை குத்துவதா?

யோன் எல்ஸ்டர் 1983இல் எழுதியது இதைப் பற்றித்தான்: எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று சொல்லும் நரி பொய் சொல்லவில்லை, அதன் நாக்கே மாறிவிட்டது. கிடைக்காததை விரும்பாமல் இருக்கப் பழகிய மனசின் விருப்பத்தை எந்த அளவுக்கு நம்புவது? எதிர்ப்பக்கத்தில் ஜான் ஹார்ட்விக் இருக்கிறார். சில சமயம் சாவது ஒரு கடமையாகக்கூட இருக்கலாம் என்று 1997இல் எழுதி நிறையத் திட்டு வாங்கியவர். நம் நோயால் குடும்பத்தின் வாழ்க்கையே சிதையுமென்றால், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது பலவீனம் இல்லை, அன்பு என்பது அவர் கட்சி. நான் படித்த காலத்தில் எல்ஸ்டர் பக்கம்தான் நின்றேன். அவரைக்காய் உரிக்கும் கையைப் பார்த்தபிறகு அவ்வளவு உறுதியில்லை.

ஜான் கிறிஸ்ட்மன் என்பவரின் சோதனைதான் கைக்கு அடக்கமாக இருந்தது. அந்த விருப்பம் எப்படி உண்டானது என்று முழுசாகத் தெரிந்த பிறகும் அதைத் தள்ளிவிடத் தோன்றுகிறதா? தோன்றாவிட்டால் அது உன்னுடையது. சரி, கேட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டேன். "இந்த எண்ணம் உனக்கு எப்ப வந்துச்சும்மா?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம் அப்பத்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அப்பாவின் அம்மா மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தார். துணி மாற்றியது, புண்ணுக்கு மருந்து போட்டது, கஞ்சி ஊட்டியது எல்லாம் அம்மா. "ஒருநாள் ராத்திரி மூணாவது தடவை விரிப்பு மாத்திட்டு உக்காந்திருந்தேன். இது போயிடக் கூடாதான்னு நெனச்சேன். வாய்விட்டுச் சொல்லல. ஆனா நெனச்சேன். அதே மாதிரி என்னைப் பத்தி நீயோ உன் அண்ணியோ நெனச்சிடக் கூடாது. அவ்வளவுதான்." முப்பது வருஷமாக இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

நான் எதிர்பார்த்த பதில் இது இல்லை. ஊர் சொல்லிக்கொடுத்த பணிவு என்று நினைத்திருந்தேன். இது அவள் கண்ணால் பார்த்து, தன் மனசுக்குள்ளேயே பார்த்துப் பயந்த ஒன்று. கிறிஸ்ட்மன் சோதனையில் தேறிவிட்டது. ஆனாலும் விடவில்லை, இன்னொன்று கேட்டேன்: "பணம் பிரச்சினை இல்ல, பாத்துக்க ஆள் இருக்கு, யாருக்கும் லீவு போட வேண்டியதில்லன்னா?" அம்மா யோசித்தாள். "அப்பவும் குழாய் வேண்டாம். மெஷின் வேண்டாம். ஆனா ஸ்பூன்ல ஊட்டி விடறதுன்னா… விடட்டுமே. கூச்சமா இருக்கும், வேறென்ன."

ஒரே வாக்கியம் என்று நினைத்தது அங்கே இரண்டாகப் பிரிந்தது. குழாய் மறுப்பு எந்த நிலையிலும் அசையவில்லை. பாரம் மட்டும் சூழ்நிலையைப் பொறுத்து மாறியது. மருத்துவப் பக்கமும் இதற்கு ஒத்துப்போகிறது: டிமென்ஷியா என்ற மறதி நோய் முற்றிய நிலையில் குழாய் வழி உணவை விடக் கையால் ஊட்டுவதே நல்லது என்று அமெரிக்க முதியோர் மருத்துவர் சங்கம் 2014இல் நிலைப்பாடு எடுத்திருக்கிறது. அம்மாவுக்கு அது தெரியாது. முதல் நாளே அவள் சொன்னபடி எழுதியிருந்தால், ஸ்பூனையும் சேர்த்துத் தடுத்திருப்போம்.

முதல் வழிக்கு இன்னொரு சிக்கல் உண்டு, இது அம்மாவைப் பற்றியதல்ல. 1991இல் ஆண்ட்ரூ ஃபிர்லிக் என்ற மருத்துவ மாணவர், மார்கோ என்று ஒரு அல்சைமர் நோயாளியைப் பற்றிச் சின்னக் குறிப்பு எழுதினார். மார்கோ படம் வரைவார். ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெயும் ஜாமும் தடவிச் சாப்பிடுவார். துப்பறியும் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கம் மாற்றி மாற்றிப் படிப்பார். தான் பார்த்தவர்களிலேயே மிகவும் சந்தோஷமானவர்களில் ஒருவர் என்கிறார் மாணவர். ரொனால்ட் டுவார்கின் (மேலே சொன்னவர் இல்லை, இவர் சட்ட மேதை) 1993இல் இதை வைத்து ஒரு கேள்வி கேட்டார்: நன்றாக இருந்த காலத்தில் மார்கோ, "எனக்கு அல்சைமர் வந்தால் வேறு எந்த நோய்க்கும் சிகிச்சை தராதீர்கள்" என்று எழுதிவைத்திருந்தால்? இப்போது நிமோனியா வந்திருக்கிறது, மார்கோ சிரித்துக்கொண்டிருக்கிறார். எந்த மார்கோவைக் கேட்பது?

டுவார்கின் விடை: எழுதிய மார்கோவை. சாப்பாட்டு ருசி, வெயிலில் உட்காரும் சுகம் ஒரு வகை நலன். என் வாழ்க்கை எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்று சீர்தூக்கிப் பார்த்து எடுத்த முடிவு இன்னொரு வகை. இரண்டாவதுக்குத்தான் எடை அதிகம். ரெபெக்கா டிரஸ்ஸர் இதை மறுத்தார்: அந்தப் பழைய மார்கோவுக்கு இந்தப் புது மார்கோவின் சந்தோஷம் தெரியாது, தெரியாததைப் பற்றி எழுதிய தாளை வைத்து, எதிரில் உயிரோடு இருப்பவளை எப்படிச் சாகவிடுவது? அக்னியெஷ்கா யவோர்ஸ்கா 1999இல் இடையில் நின்றார்: நினைவு போனாலும், ஒன்றை மதிக்கும், வேண்டும் என்று பிடித்துக்கொள்ளும் திறன் நீண்ட நாள் இருக்கும். அது இருக்கும்வரை அவள் பேச்சுக்கும் மதிப்பு உண்டு.

நான் யவோர்ஸ்கா பக்கம். தெருமுனை வீட்டு ஆச்சிக்கு மகன் பேர் ஞாபகமில்லை, ஆனால் தலையில் பூ வைக்காமல் வெளியே கூட்டிப் போனால் வாசலிலேயே நின்றுவிடுவார். அது வெறும் சுகம் இல்லை. தான் எப்படி வெளியே போகவேண்டும் என்பது குறித்து அவருக்கு இன்னமும் ஒரு கொள்கை இருக்கிறது. நம் சட்டத்தில் இந்த மார்கோ சிக்கல் அவ்வளவு சுலபமாக வராது. குணமாகும் நம்பிக்கையே இல்லாத நிலையில், நீண்ட சிகிச்சையில் இருக்கும்போதுதான் உயில் பேச ஆரம்பிக்கும். சிரித்துக்கொண்டிருக்கும் ஆச்சிக்கு நிமோனியா வந்தால் மருந்து கொடுத்துத்தான் ஆகவேண்டும். எனக்கு அது சரியாகவே படுகிறது.

இரண்டாவது வழியில் தாள் சுருங்குகிறது, மனிதர் வருகிறார். என்ன நோய், எந்த வயதில், என்ன மருந்து கண்டுபிடித்திருப்பார்கள் என்று இன்றைக்கு யார் கண்டது? எழுதாத நிலைமை வந்தால் தாள் பேசாது, ஆள் பேசுவார். அமெரிக்காவில் 1969இல் லூயிஸ் குட்னர் என்ற வக்கீல் லிவிங் வில் யோசனையைச் சொன்னார். 35 வருஷம் கழித்து, 2004இல், ஃபேகர்லின், ஷ்னைடர் என்ற இருவர் "போதும், இது வேலைக்கு ஆகவில்லை" என்ற தொனியில் எழுதினார்கள். எழுதுகிறவர்கள் குறைவு, எழுதினாலும் தன் மனம் பின்னால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கே தெரியாது, தாள் நேரத்துக்கு ஐசியு வந்து சேராது. அவர்கள் பரிந்துரைத்ததும் ஆளைக் காட்டும் வழியைத்தான்.

ஆனால் அந்த ஆளுக்கு நம் மனசு தெரியுமா? 2006இல் ஷாலோவிட்ஸும் மற்றவர்களும் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நோயாளி எதை விரும்புவார் என்று உறவினர்கள் சொன்னது 68 சதவீதம்தான் சரியாக இருந்தது. மூன்றில் ஒரு தடவை தப்பு. இதை அண்ணனிடம் சொன்னபோது, "அம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று கோபப்பட்டார். சரி என்று ஒரு சின்னச் சோதனை வைத்தோம். ஐந்து கேள்விகள், அம்மா ஒரு தாளில், நாங்கள் தனித்தனித் தாளில். அண்ணன் மூன்று சரி. நான் இரண்டு. நான்கு மாதமாகத் தத்துவம் பேசியவள் நான்! ஐந்துக்கு ஐந்து வாங்கியது, ஒரு ஓரமாக உட்கார்ந்து எழுதிய அண்ணி.

மூன்றாவது வழியை நான் முதலில் அலட்சியமாகத்தான் பார்த்தேன். அது தப்பு. கேட்ரியோனா மெக்கென்சியும் நடாலி ஸ்டோல்யாரும் 2000இல் தொகுத்த நூலுக்குப் பிறகு, உறவுசார் தன்னாட்சி என்று ஒரு பெரிய விவாதமே நடக்கிறது. மனிதர் தனித்தீவு இல்லை; தன்னை அறிந்துகொள்வதே உறவுகளுக்குள்தான் என்பது அதன் சாரம். "என் பிள்ளைங்க பாத்து முடிவெடுக்கட்டும்" என்று ஒருத்தி யோசித்துச் சொன்னால் அதுவும் அவள் முடிவுதான்.

அருணா ஷான்பாக் வழக்கை நினைத்துப் பாருங்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ். 1973 நவம்பரில் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டவர், 2015 மே 18 அன்று இறக்கும்வரை அதே மருத்துவமனையில் கிடந்தார். அவர் என்ன விரும்பினார் என்று யாருக்கும் தெரியாது. எழுத்தாளர் பிங்கி விரானி, உணவூட்டுவதை நிறுத்தக் கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். 2011இல் நீதிமன்றம், அருணாவுக்காகப் பேசும் உரிமை தினமும் அவருக்கு ஊட்டி, குளிப்பாட்டிய மருத்துவமனை ஊழியர்களுக்குத்தான் என்றது. அவர்கள் அவர் வாழட்டும் என்றார்கள். முடிவு சரியா தப்பா என்பதை விடுங்கள். ஊட்டிய கைக்கு ஒரு குரல் உண்டு என்று அங்கே நீதிமன்றம் ஒத்துக்கொண்டது.

அம்மாவுக்கு இந்த வழி ஏன் ஒத்துவரவில்லை என்றால், எங்கள் குடும்பத்தில் யாராலும் முதலில் வாய் திறக்க முடியாது. பெரியம்மாவுக்கு நடந்த ஆஸ்பத்திரி வராந்தாக் கதைதான் திரும்ப நடக்கும். "போதும்" என்று சொல்கிற பிள்ளை ஊர் வாயில் விழவேண்டும். இது சும்மா பயம் இல்லை. தலைக்கூத்தல் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த பகுதி இது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, வயசானவரை அனுப்பிவைத்ததாக இன்னமும் பேசுவார்கள். அங்கே முடிவெடுத்தது கிடந்தவர் இல்லை. அதனால்தான் இப்படி ஒரு தாள் என்றதும் அண்ணன், "நம்ம ஊர்ல இதை வச்சு என்ன பேசுவாங்க தெரியுமா?" என்று கேட்டார். அந்தப் பேச்சுக்கு ஒரே பதில், அம்மா தெளிவாக இருக்கும்போதே, அம்மா வாயால், நாலு பேர் முன்னால் சொன்னது. பெற்றவரைப் பார்த்துக்கொள்வது பற்றி வீட்டில் ஏற்கனவே சண்டை இருக்கிறதென்றால், முதல் வழியில் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுங்கள் என்பேன். பிள்ளை இல்லாதவர்கள் இரண்டாவது வழிக்கான ஆளை இப்போதே தேடிப் பேசிவைக்கவேண்டும்.

நாங்கள் எடுத்தது கலவை. திட்டவட்டமாக இரண்டே இரண்டு: மீளாத நிலையில் உணவுக் குழாய் வேண்டாம், மெஷின் மூச்சு வேண்டாம். கையால் ஊட்டுவது, வலிக்கு மருந்து, வீட்டில் இருப்பது வேண்டும். மீதியெல்லாம் ஆள் பொறுப்பு. ஆள் யார் என்று கேட்டதும் அம்மா யோசிக்கவே இல்லை: "அவதான்." அண்ணி. "நீ அழுவே. அவன் எல்லாத்துக்கும் சரி சரின்னுடுவான். அவளுக்கு எங்கிட்ட பயம் கிடையாது." இரண்டாவது பெயராக என்னைப் போட்டாள், ஆறுதல் பரிசு மாதிரி.

டைப்பிங் கடையில் வரைவைப் படித்துக் காட்டினேன். "யாருக்கும் பாரமாக இருக்க விரும்பவில்லை" என்ற வரியை நான் எடுத்திருந்தேன். எப்படியும் சூழ்நிலையைப் பொறுத்தது, சட்டத்துக்கும் தேவையில்லை, நாளைக்கு யாராவது அதைப் பிடித்துக்கொண்டு அவசரப்பட்டால் வம்பு என்று விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டாள்.

"அந்த வரியைப் போடு."

"அதான் சொன்னேனேம்மா…"

"நீ சொன்னதெல்லாம் சரி. ஆனா அது நான் சொன்னது. மேல வேண்டாம், கடைசியில போடு. ஸ்பூனுக்குக் கீழ."

போட்டோம். நோட்டரி வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த வரி எதற்கு என்று என்னைத்தான் கேட்டார். நான் அம்மாவைக் காட்டினேன்.